மழைப் பதிவேட்டிலும் கடல் இருக்கிறது: ஆராய்ச்சி நிதிக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

கடல், காலநிலை, மீன்பிடித் துறைகளில் இளம் ஆய்வாளர்களுக்கு நிதி வழங்கும் தெரிவுக் குழுக்களின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாவுக்கு அண்மையிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவள். நீரியல் வளத் துறையில் பட்டம் பெற்றவள். மவுசாகலை நீர்த்தேக்கத்திலிருந்து களனி கங்கை கடலில் கலக்கும் மட்டக்குளி வரை, ஆறு சுமந்து செல்லும் மண்ணையும், பாறைகளிலிருந்து நீரில் கரைந்துவரும் சிலிக்காவையும் ஓராண்டு முழுவதும் அளந்து, மேற்பகுதித் தோட்டங்களின் பழைய மழைப் பதிவேடுகளோடு ஒப்பிடுவதற்கான ஆய்வு முன்மொழிவொன்றைக் குழு ஒன்றிடம் சமர்ப்பித்திருந்தேன். "ஆய்வுப் பிரதேசம் கரையோரத்தைச் சார்ந்ததன்று" என்ற ஒரே வரியுடன் அது திரும்பி வந்தது. அந்தக் குழுவைப் பெயரிட்டுக் குறைகூற நான் எழுதவில்லை. அந்த ஒரு வரியைப் பற்றியே எழுதுகிறேன்.

மட்டக்குளியில் களனி முகத்துவாரத்துக்கு அருகிலேயே, 1981ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்ட, நீரியல் வளங்களை ஆராயும் அரச நிறுவனமான நாராவின் (NARA) தலைமையகம் இருக்கிறது. அங்கிருந்து பார்க்கும்போது தெரியும் கலங்கல் நீரில் ஒரு பங்கு எங்கள் மலையிலிருந்து வந்தது. மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்தே களனியாகின்றன. வழியில் மவுசாகலை, காசல்ரீ, நோட்டன் பிரிட்ஜ், லக்சபான என அந்த நீர் பல இடங்களில் மறிக்கப்படுகிறது. மறிக்கப்படும் இடத்தில் வண்டல் தங்குகிறது. கீழே மணல் அகழ்வும் சேர்ந்துகொள்ள, முகத்துவாரத்திலிருந்து நீர்கொழும்பு வரையான கரை மணல் வரத்துக் குறைந்து அரிக்கப்படுகிறது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சிலிக்காவின் கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஐரோப்பாவின் டான்யூப் ஆற்றின் இரும்பு வாயில் அணை கருங்கடலுக்குச் செல்லும் சிலிக்காவைக் குறைத்து, அங்கே சிலிக்காவால் தம் ஓட்டைக் கட்டும் நுண்ணிய மிதவை உயிர்களான டயட்டம் பாசிகளின் இடத்தை வேறு பாசிகள் பிடிக்க வழிவிட்டது என 1997இல் வெளியான ஆய்வொன்று வாதிட்டது. பின்னர் அதை மறுத்தவர்களும் உண்டு. களனியில் நடப்பது எது என்பதை அறிய, அணைக்கு மேலும் கீழும் போத்தலை அமிழ்த்தி நீரெடுக்க வேண்டும். அதைக் கடற்கரையில் நின்று செய்ய முடியாது.

டயட்டம் பாசி என்றால் தோட்டத்தில் யாருக்கும் விளங்காது. சாளைக் கருவாடு என்றால் விளங்கும். சம்பள நாளில் அம்மா மஸ்கெலியா டவுனில் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி வாங்கிவரும் கருவாடுதான் நான் முதலில் அறிந்த கடல். நுண்ணிய மிதவை உயிர்களைத் தின்று வளரும் மீன் அது. ஆகவே எங்கள் ஆறு கடலுக்கு எதைக் கொண்டுபோகிறது என்பது எங்கள் சட்டிக்கும் உரிய கேள்வி.

காலநிலைப் பக்கம் இந்தத் தொடர்பு இன்னும் நேரடியானது. மே முதல் செப்டெம்பர் வரை மஸ்கெலியாவை நனைக்கும் தென்மேற்குப் பருவக்காற்றே தென்கரையில் ஆழத்து ஊட்டநீரை மேலே கொண்டுவருகிறது. இந்து சமுத்திரத்தின் மேற்குக்கும் கிழக்குக்கும் இடையிலான கடல்வெப்ப வேறுபாடு மாறிமாறி வருவதை இந்து சமுத்திர இருமுனை அலைவு என்பார்கள். 1999இல் பெயரிடப்பட்ட அந்த அலைவின் நேர்க் கட்டத்தில், அதாவது மேற்குப் பக்கம் வழமையைவிட வெப்பமாக இருக்கும்போது, ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை இலங்கையில் மழை மிகும் போக்கு உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையில் கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். கடலிலிருந்து வந்த அந்த மழை, எங்கள் மண்ணையும் எடுத்துக்கொண்டு கடலுக்கே திரும்பியது.

இவற்றை ஆராய விரும்பும் ஒருவருக்குத் தோட்டத் தொழிற்சாலை அலுவலகங்களில் ஒரு புதையல் கிடக்கிறது. நான் பார்த்த பதிவேடொன்றின் அட்டையைக் கறையான் அரித்திருந்தது. பழைய பக்கங்கள் அங்குலத்திலும் பிந்தியவை மில்லிமீற்றரிலும் எழுதப்பட்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமைகள் பெரும்பாலும் வெறுமையாக இருக்க, திங்களின் கட்டத்தில் இரண்டு நாள் மழை சேர்ந்தே நின்றது. தீபாவளி வாரத்திலும் அப்படித்தான். கணினியில் எண்களை மட்டும் பார்க்கும் ஒருவர் அந்தத் திங்களைப் பெருமழை நாளென எண்ணிவிடுவார். தோட்டத்துப் பிள்ளைக்கு அன்று மழைமானியை எடுத்துப் பார்க்க ஆளில்லை என்பது சொல்லாமலே தெரியும். எங்களைப் போன்றவர்களைச் சேர்த்துக்கொள்வதைச் சலுகையாக நினைக்கவேண்டாம் என்று நான் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

எனவே உங்கள் அழைப்பறிக்கையில் 'கடல்சார் ஆய்வு' என்பதன் வரைவிலக்கணத்துக்குள் ஆற்றுப்படுகை முழுவதையும், அதன் மலைத் தலைப்பகுதி உட்படச் சேர்க்குமாறு வேண்டுகிறேன். இளம் ஆய்வாளர் என்பதை வயதாலோ பட்டம் பெற்ற ஆண்டாலோ மட்டும் அளக்கும் விதியையும் தளர்த்த வேண்டும். பட்டம் முடித்த கையோடு வீட்டுக் கடனுக்காக நான்கைந்து ஆண்டுகள் ஏதோ ஒரு வேலைக்குப் போய்விட்டே எங்களில் பலர் ஆராய்ச்சிக்குத் திரும்புகிறோம், அந்த ஆண்டுகளை ஆராய்ச்சி செய்த ஆண்டுகளாகக் கணக்கிடுவது நியாயமாகாது. படகு வாடகைக்கு நிதி ஒதுக்கும் படிவத்தில், மலைப்பாதையில் நீர் மாதிரிகளைக் குளிர்ப்பெட்டியில் ஏற்றி அன்றே ஆய்வுகூடத்துக்குச் சேர்க்கும் வாகனச் செலவுக்கும் ஒரு நிரல் இருக்கட்டும். மழைப் பதிவேடுகளைப் படமெடுத்து எண்மமாக்குவதை ஆய்வுக்கு முந்திய எழுத்தர் வேலை எனத் தள்ளாது, ஆய்வாகவே ஏற்றுக்கொள்ளுங்கள்.

தோட்ட நிர்வாகத்தின் அனுமதியுடன் நான் படமெடுத்த பக்கங்கள் என் கைவசம் உள்ளன. உங்களில் யாரேனும் பார்க்க விரும்பினால் எடுத்துக்கொண்டு வரவும், திங்கட்கிழமைகளை எப்படிப் பிரித்து வாசிப்பது என்று காட்டவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
மஸ்கெலியாவிலிருந்து ஓர் இளம் ஆய்வாளர்