பேச்சை எழுதின மனுஷனையும் சொல்லுங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் பதவி முடிஞ்சு போறப்ப பேசின பேச்சைப் பத்தி போன இதழ்ல வந்த கட்டுரைய படிச்சேன், நல்லா இருந்துச்சு, ஆனா அதை எழுதின மால்கம் மூஸ் பேரு ஒரு இடத்துலகூட வரலையே, அதான் இந்த லெட்டர்.

மூஸ் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் யூனிவர்சிட்டில பொலிட்டிகல் சயின்ஸ் புரொஃபசர், ரிபப்ளிகன் கட்சியோட வரலாற்றையே புத்தகமா எழுதினவர், அப்புறம்தான் வெள்ளை மாளிகைக்கு பேச்சு எழுதப் போனார். 1961 ஜனவரி 17 ராத்திரி டிவில வந்த அந்தப் பேச்சுல ராணுவமும் ஆயுதத் தொழிலும் கைகோர்க்கிற ஆபத்த சொன்ன வரிதான் எல்லாருக்கும் தெரியும், அதுக்கு கடற்படை கேப்டன் ரால்ஃப் வில்லியம்ஸ் எழுதிக் கொடுத்த குறிப்பும் ஒரு காரணம், ஐசனோவரும் அவர் தம்பி மில்டனும் திருத்தித் திருத்திதான் அது கடைசி வடிவத்துக்கு வந்துச்சு. 2010ல மூஸ் குடும்பத்து கேபின்ல கிடந்த டிராஃப்ட் எல்லாம் வெளிய வந்துச்சே, அதுல இந்தத் திருத்தத்தையெல்லாம் பாக்கலாம்.

எனக்கு அதவிட முக்கியமா படுறது அதே பேச்சுல யூனிவர்சிட்டி பத்தி வர்ற பாராதான். பழைய கரும்பலகை ஒண்ணு இருந்தா புது எலக்ட்ரானிக் கம்ப்யூட்டர் நூத்துக்கணக்குல வந்தாச்சு, தெரிஞ்சுக்கணும்ங்கிற ஆர்வம் இருக்க வேண்டிய இடத்துல அரசாங்க கான்ட்ராக்ட் வந்து உக்காந்துடுச்சுனு அப்பவே சொல்லியிருக்காங்க. உங்க கட்டுரைல இதுக்கு அரை வரிகூட இல்ல.

இதை எழுதினவரே 1967ல தான் படிச்ச மின்னசோட்டா யூனிவர்சிட்டிக்கு தலைவரா போறார், அதுவும் அரசாங்க ஆராய்ச்சிப் பணம் வாங்குற பெரிய யூனிவர்சிட்டிதான். 1969 ஜனவரில கறுப்பின மாணவர்கள் யூனிவர்சிட்டி நிர்வாகக் கட்டடமான மோரில் ஹாலை பிடிச்சு உக்காந்தப்ப பேசித்தான் முடிச்சாங்க, அதுலதான் ஆப்ரோ அமெரிக்கன் படிப்புக்குனு தனி டிபார்ட்மென்டே வந்துச்சு. 1972 மே மாசம் வியட்நாம் போரை எதிர்த்து மாணவர்கள் இறங்கினப்ப நிலைமை கைமீறிப் போச்சு, கண்ணீர்ப்புகை, நேஷனல் கார்டுங்கிற மாநில ராணுவப் படை எல்லாம் கேம்பஸ் வரைக்கும் வந்துச்சு. இதையும் மறைக்காம எழுதணும், ஏன்னா ராணுவத்தோட பிடி பத்தி எச்சரிக்கை எழுதின ஆளு அவர், அவர் கேம்பஸ்லயே சிப்பாய்ங்க வந்து நின்னாங்க. 1974ல பதவிய விட்டுப் போனார்.

அடுத்த இதழ்ல இடம் இருந்தா அந்த யூனிவர்சிட்டி பாராவ முழுசா தமிழ்ல போடுங்க, கூட மூஸ் பேரையும் போடுங்க.

இப்படிக்கு
ஒரு வாசகர், திருச்சி