காலபோகக் கூட்டத்தில் மாட்டு டொக்டருக்கும் ஒரு கதிரை போடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டான் பக்கம் மாட்டுப் பட்டி வைத்திருப்பவன். இன்றைக்கு 43 உருப்படி நிற்கிறது, மூன்று ஏக்கர் வயலும் உண்டு. காலபோகம் என்கிற மாரி நெற்போகத்துக்கான பயிர்ச்செய்கைக் கூட்டம் நெருங்குகிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். உரமானியம் பற்றி எழுத உங்களிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் மிருகங்களிலிருந்து மனிதருக்கு வரும் நோய்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

போன வருடம் ஆவணியில் என் சிவலைப் பசு ஒன்று தீன் எடுக்காமல் நின்றது. வாயிலிருந்து நூல் நூலாக வீணீர் வடிந்தது. கத்தப் பார்க்கிறது, குரல் அடைத்துப்போய் வருகிறது. பனம்பழக் காலம் என்பதால் கொட்டை தொண்டையில் இறுகிவிட்டது என்று நினைத்தேன். அப்படி இறுகின மாடுகளை முன்பும் கண்டிருக்கிறேன். மகன் தலையைப் பிடிக்க, நாக்கை ஒரு பக்கம் இழுத்துவிட்டு முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவினேன். கொட்டையும் இல்லை, ஒன்றும் இல்லை. முதல்நாள் வேலி அடைக்கும்போது முள்ளுக் கிழித்த கீறல் கையில் அப்படியே இருந்தது. அது அந்த நேரம் நினைப்பில் வரவில்லை.

மிருக வைத்தியர் வந்து மோட்டார் சைக்கிளை விட்டு இறங்க முதலே தூரத்தில் நின்று மாட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: “வாய்க்குள்ள கைய விட்டனீங்களோ?” நானும் மகனும் கிணற்றடியில் சவர்க்காரம் போட்டுக் கால் மணித்தியாலம் கை கழுவினோம். பசு மூன்றாம் நாள் விழுந்தது. தலையை ஐஸ் போட்டுக் கட்டி, 300 கிலோமீற்றருக்கு மேல் தாண்டிக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். விசர்தான், ரேபிஸ் என்கிற வெறிநோய். கடித்தது நாயோ நரியோ, கண்டவர் இல்லை. சில கிழமைகளுக்கு முன் ஒரு இரவு பட்டி கலைந்தது, அவ்வளவுதான் தெரியும்.

ஆனால் நான் சொல்ல வந்தது ஆஸ்பத்திரியில் நடந்தது. பசு விழுவதற்கு முன்பே, வைத்தியர் சொன்ன அன்றைக்கே நாங்கள் அங்கே போனோம். “நாய் எந்த இடத்தில கடிச்சது?” என்றார் அங்கிருந்த இளம் டொக்டர். “நாய் கடிக்கேல்ல தம்பி, மாடு. மாடும் கடிக்கேல்ல” என்றேன். பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கடிக்காவிட்டால் ஊசி தேவையில்லை என்று வீட்டுக்கு அனுப்பியும் விட்டார். மிருக வைத்தியர் தன் கைத்தொலைபேசியிலிருந்து அடித்து, விசர் பிடித்த மாட்டின் வீணீர் காயத்தில் பட்டால் கடி மாதிரித்தான் என்று விளக்கிய பிறகே எங்களுக்கு ஊசி கிடைத்தது. அவருக்கு அந்த இலக்கம் தெரிந்திருந்தது எங்கள் அதிர்ஷ்டம். விசர் நோய் வெளியில் தெரியத் தொடங்கினால் பிறகு எந்த மருந்தும் இல்லை. 1973 இல் இலங்கையில் 377 பேர் இதனால் செத்தார்கள். நாய்களுக்கு ஊசி போட்டுப் போட்டுத்தான் அந்தக் கணக்கு இவ்வளவு குறைந்திருக்கிறது. நாய்க்கு என்றால் எல்லோருக்கும் விளங்கும், மாட்டுக்கு என்றால் யாருக்கும் விளங்காது. பால் வாங்கின வீடுகள் முழுக்க அடுத்தநாள் என் படலையில் நின்றன. காய்ச்சிக் குடித்த பாலால் பயமில்லை என்று பீ.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து சொல்லும்வரை நான் வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

இதற்கும் காலபோகக் கூட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். அந்தக் கூட்டத்தில்தான் குளத்தில் எப்போது தண்ணீர் திறப்பது, எப்போது விதைப்பது, எந்தத் திகதிக்குள் மாடுகளை வயல் பக்கமிருந்து அகற்றுவது என்று முடிவெடுக்கிறார்கள். அகற்றச் சொல்வார்கள், எங்கே என்று சொல்லமாட்டார்கள். மேய்ச்சல் தரை இல்லை. இருந்ததிலும் பாதிக்கு எல்லைக்கல் வந்துவிட்டது. ஆகவே நாங்கள் காட்டோரம் சாய்க்கிறோம். அங்கே ஒரே மோட்டையில், அதாவது சின்ன நீர்நிலையில், எங்கள் மாடும் குடிக்கும், மானும் பன்றியும் குடிக்கும், இரவில் யானையும் வரும். பட்டி நாய் கூடவே போகும், நரி பட்டியைச் சுற்றும். மாசி, பங்குனியில் அறுவடை முடிய அதே மாடுகள் அறுத்த ஒட்டை மேய வயலில் இறங்கும். நோய் போய்வருகிற பாதையும் இதுதான். அதற்குத் திகதியை எழுதி ஒட்டுகிறவர்களும் அந்தக் கூட்டத்தில் இருக்கிற நாங்களே.

இரண்டு வருடத்துக்கு முதல் என் மச்சானுக்கு, களை பிடுங்கி நாலைந்து நாளில் காய்ச்சல். கெண்டைக்கால் இரண்டும் தொட விடமாட்டேன் என்று வலி, கண் சிவப்பு. வயலில் குனிந்த அலுப்பு என்று கடையில் பனடோல் வாங்கி நாலு நாள் கிடந்தார். சிறுநீர் குறைந்த பிறகே கொண்டுபோனோம். எலிக்காய்ச்சல். தப்பிவிட்டார், ஆனால் அந்தப் போகம் அவர் வயலில் இறங்கவில்லை. பெயரில் எலி இருப்பதால் எலியை மட்டும் திட்டுகிறோம். மாடு, எருமை, பன்றி, நாய் எல்லாவற்றின் சிறுநீரிலும் அந்தக் கிருமி வரும். சேற்றில் கிடந்து, காலில் இருக்கும் வெடிப்பு வழியாக ஏறும். 2008 இல் நாட்டில் 7000 பேருக்கு மேல் இந்தக் காய்ச்சல் என்று கணக்கு. அந்த வருடம் நாங்கள் யுத்தத்தில் மாட்டையும் விட்டு ஓடிக்கொண்டிருந்தோம், எங்களுக்கு யார் கணக்கு எடுத்தார்கள்! 2024 மார்கழியில் வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் அடுத்தடுத்துச் சாவு விழுந்தபோது முதலில் ‘மர்மக் காய்ச்சல்’ என்றுதான் செய்தி வந்தது. கமக்காரருக்கு அதில் மர்மம் ஒன்றும் இல்லை. வயலில் இறங்கும் காலத்தில் கிழமைக்கு ஒருமுறை போடும் டொக்சிசைக்கிளின் குளிசையை பீ.எச்.ஐ இலவசமாகத் தருவார். அதைப் போய் வாங்குகிறவர் எத்தனை பேர்?

திட்டம் போடும் மேசையில் வைத்தியர் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குத் தூரம் போகத் தேவையில்லை. பக்கத்தில் அனுராதபுரம். நீர்ப்பாசன வயல்கள் வந்த இடத்தில் மேலதிக வருமானத்துக்கு என்று பன்றி வளர்ப்பையும் ஊக்குவித்தார்கள். நல்ல எண்ணம்தான். வயல் தண்ணீரில் நுளம்பு, வயலில் கொக்கு, கொக்கிடமிருந்து நுளம்பு வழியாகப் பன்றிக்கு, பன்றியில் கிருமி பெருகி அதே நுளம்பு வழியாகப் பிள்ளைகளுக்கு. 1985 இல் தொடங்கிய யப்பானிய மூளைக்காய்ச்சலில் 60க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 1988 இலிருந்துதான் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி வந்தது. அங்கே பன்றிகளையும் நுளம்புகளையும் சேர்த்து ஆராய்ந்தவர்களில் ஒருவர் மலிக் பீரிஸ். சார்ஸ் கிருமியைக் கண்டுபிடித்தவர்களில் பிறகு அவர் பெயரும் வந்தது. எங்கள் நாட்டு ஆளே மாட்டையும் மனிதரையும் ஒன்றாகப் பார்க்கத் தெரிந்தவர், ஆனால் எங்கள் கூட்டங்களில் அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை.

எங்கள் பக்கத்துப் பிழையையும் எழுதிவிடுகிறேன். பசு கன்று ஈன்றால் இளங்கொடியை (நஞ்சுக்கொடியை) சாக்கில் கட்டி ஆலமரத்தில் நாய் எட்டாத உயரத்தில் தொங்கவிடுவோம். பால் ஊறும் என்று அப்பு சொல்வார். பால் ஊறுமோ தெரியாது, நாயும் நரியும் இழுத்துத் திரியாது, அது பெரிய காரியம். ஆனால் மாதம் நிரம்பாமல் கன்று போட்டால் அதற்கு ஒரு முறையும் இல்லை. வெறுங்கையால் இழுத்துப் பற்றைக்குள் எறிகிறோம். பட்டியில் இரண்டு மூன்று பசு அப்படிப் போட்டால் அது புரூசெல்லா என்கிற தொற்றாக இருக்கலாம். கையாலும் பச்சைப் பாலாலும் மனிதருக்கு வரும், விட்டுவிட்டுக் காய்ச்சலும் மூட்டு வலியுமாக மாதக்கணக்கில் இழுக்கும். கிடாரிக் கன்றுகளுக்குத் தடுப்பூசி இருக்கிறது. நாங்கள் வாய் திறப்பதில்லை. சொன்னால் பால் எடுக்கமாட்டார்கள், மாடு விலைப்படாது என்ற பயம். நானும் ஒருமுறை மறைத்திருக்கிறேன்.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். காலபோகக் கூட்டத்துக்கு மிருக வைத்தியரையும் பீ.எச்.ஐயையும் கூப்பிடுங்கள், கதவடியில் நிற்க வைக்காமல் முன்னால் இருத்துங்கள். தண்ணீர் திறக்கும் திகதியோடு குளிசை கொடுக்கும் திகதியையும் அறிவியுங்கள். மாடு காட்டுக்குச் சாய்க்க முதல் பட்டி நாய்க்கும் கிடாரிக் கன்றுக்கும் ஊசி என்று அதே கடதாசியில் எழுதுங்கள். மாதம் நிரம்பாமல் கன்று போட்டால் யாருக்கு அறிவிப்பது என்று ஒரு தொலைபேசி இலக்கத்தையும், அறிவித்தவனின் பாலை ஒரேயடியாகத் தள்ளிவைக்கமாட்டோம் என்ற வாக்குறுதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்கு இரண்டு பேருடைய பெற்றோல் செலவைத் தவிர வேறு செலவு எனக்குத் தெரியவில்லை.

எங்கள் பகுதிக் கூட்டம் அடுத்த மாதம் என்கிறார்கள். அதற்கு முதல் இதைப் பிரசுரித்தால் பத்திரிகையைக் கையோடு கொண்டுபோவேன். நான் எழும்பிக் கதைத்தால் “மாட்டுக்காரன் வந்திட்டார்” என்று இருத்திவிடுவார்கள், அச்சில் வந்ததை வாசித்தால் கேட்பார்கள்.

இப்படிக்கு,
பட்டிக்காரன் ஒருவன்,
ஒட்டுசுட்டான்.