கூட்டத்துல பொம்புளையளையும் பேச விடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன மாசம் எங்கட ஊர்ல கசிப்ப, அதான் களவா காச்சுற சாராயத்த, ஒழிக்கிறதுக்கெண்டு ஒரு கூட்டம் வெச்சாங்க. நாங்க ஒரு நாப்பது பொம்புளையள் போயிருந்தம், கதிரை காணாம பின்னுக்கு பாயில இருந்தம், முன்னுக்கு ஆம்புளையள் மாறி மாறி மைக்க புடிச்சு பேசினாங்க. எனக்கு பக்கத்துல ஒரு புள்ள, அவட புருசன் கூலிய அப்படியே கசிப்புக்கு குடுத்துட்டு வாறவன், அவ கதைக்க எழும்பினா. "நீங்க இருங்க தங்கச்சி, நாங்க பேசிறம்" எண்டு இருத்திட்டாங்க. மறுகா அவ வாயே திறக்கல்ல, சீலைத் தலைப்ப விரல்ல சுத்திக்கிட்டே இருந்தா.

நான் சரித்திரம் படிப்பிச்சு பென்சன் எடுத்தவ. அத பாத்ததும் அமெரிக்காவுல பொம்புளையள்ட உரிமைக்கு போராடின சூசன் பி. அந்தோணிதான் ஞாபகத்துக்கு வந்தா. 1852ல ஆல்பனி நகரத்துல மது ஒழிப்பு கூட்டத்துல அவ பேச எழும்பினப்ப, பொம்புளையள கூப்பிட்டது கேட்டு படிக்கிறதுக்கு, பேசுறதுக்கு இல்ல எண்டுட்டாங்க. அவ எழும்பி வெளிய போனா. அதே வருசம் எலிசபெத் கேடி ஸ்டாண்டனோட சேந்து பொம்புளையளுக்கெண்டே மது ஒழிப்பு சங்கம் தொடங்கினா. ஸ்டாண்டனுக்கும் இதே அனுபவம்தான், 1840ல லண்டன் அடிமை ஒழிப்பு மாநாட்டுக்கு அமெரிக்காவுல இருந்து போன பொம்புளையள பிரதிநிதியா ஏற்காம ஒதுக்குப்புறமா இருத்தினத அவ கண்ணால பாத்தவ, எட்டு வருசம் கழிச்சு அமெரிக்காவுல செனக்கா ஃபோல்ஸ் எண்ட ஊர்ல பெண்ணுரிமை மாநாட்ட கூட்டினதுக்கு அதுவும் ஒரு காரணம்.

குடிய ஒழிக்கிறதுல பொம்புளையள் ஏன் இவ்வளவு முன்னுக்கு நிண்டாங்க? அந்த காலத்துல அங்க கனக்க மாநிலத்துல கலியாணம் முடிச்சவ உழைக்கிற காசும் சட்டப்படி புருசனுக்குத்தான், அவன் குடிச்சு அழிச்சா கேக்க வழியில்ல. 1873 டிசம்பர்ல ஒஹாயோவுல ஹில்ஸ்பரோ எண்ட சின்ன ஊர்ல தேவாலயத்துல இருந்து பொம்புளையள் கூட்டமா வெளிக்கிட்டு, ஒவ்வொரு சாராயக் கடையா போய் முழங்கால் போட்டு செபம் பண்ணி பாட்டு பாடினாங்க, கடைக்காரர் சில பேர் வெக்கத்துல கடைய பூட்டினாங்க. அடுத்த வருசமே கிளீவ்லாண்ட்ல நாடு முழுக்கவுக்கும் ஒரு மாதர் மது ஒழிப்பு சங்கம் தொடங்கினாங்க. அதுக்கு 1879ல தலைவியா வந்த ஃபிரான்சிஸ் வில்லார்ட், வீட்ட காப்பாத்தணுமெண்டா வோட்டும் வேணும் எண்டு கேட்டா. அவவயும் நான் முழுசா புகழ மாட்டன், கறுப்பின மக்கள பத்தி அவ சொன்னது பிழை எண்டு கறுப்பின பத்திரிகைக்காரி ஐடா பி. வெல்ஸ் பகிரங்கமா கண்டிச்சவ, அது நியாயம்தான்.

1920ல மதுவிலக்கும் வந்துது, பொம்புளையளுக்கு வோட்டும் வந்துது. மதுவிலக்கு 1933ல போயிட்டு, கள்ளச் சாராயக்காரனுகள் பணக்காரன் ஆனதுதான் மிச்சம். வோட்டு நிண்டுட்டு. அதால வெறும் சட்டத்தையும் பொலிசையும் நம்பி கசிப்ப ஒழிக்கலாமெண்டு நான் நினைக்கல்ல.

அடுத்த கூட்டம் வைக்கிறவங்கட்ட ஒண்டே ஒண்டு கேக்கிறன், அந்த புள்ளைக்கு முதல்ல மைக்க குடுங்க. எந்த வளவுக்கு பின்னால அடுப்பு எரியுது, எத்தனை மணிக்கு போத்தல் கைமாறுது எண்டு அவவுக்குத்தான் தெரியும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
களுவாஞ்சிகுடி