பதிவேட்டில் 'சரி', மூடியில் 2 போல்ட்டைக் காணோம்

தன்பாத், சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்தின் மின் ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். வியாசர்பாடியில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் 11 வருஷம் வெளிமாநிலத்தில், நிலக்கரிச் சுரங்கத்துக்குள் எலக்ட்ரீஷியன். எங்கள் ஏரியாவில் நிலக்கரி என்றால் எண்ணூரில் கப்பலிலிருந்து இறங்குவது, அப்புறம் மொட்டை மாடித் துணியில் படியும் சாம்பல். அவ்வளவுதான் தெரியும்.

போன மாதம் மணலிப் பக்கமிருந்து காயில் எரிந்த ஃப்ளேம்ப்ரூஃப் மோட்டார் ஒன்று வந்தது. டெர்மினல் பாக்ஸ் மூடியில் 8 போல்ட்டுக்கு 6தான் இருந்தது. விளிம்பு முழுக்க சிலிகான் பசை. தண்ணீர் இறங்கக் கூடாதென்று யாரோ அக்கறையாகத்தான் பூசியிருக்கிறார். கூட வந்த பராமரிப்பு அட்டையில் மாதாமாதம் 'சரி', 'சரி', 'சரி'. எனக்குப் பழைய சுரங்கம் ஞாபகம் வந்துவிட்டது.

ஃப்ளேம்ப்ரூஃப் பெட்டி காற்றுப் புகாதது என்று பலர் நினைக்கிறார்கள். சுரங்கத்தில் கசியும் மீத்தேன் வாயு தாராளமாக உள்ளே போகும், பொறி பட்டால் உள்ளேயே வெடிக்கும். அந்தச் சூடான வாயு, அரை மில்லிமீட்டர்கூடத் தேறாத விளிம்பு இடுக்கு வழியாக வெளியேறும்போது இரும்பு அதன் சூட்டை வாங்கிக்கொள்ளும். வெளியே உள்ள வாயு பற்றாது. 2 போல்ட் இல்லாவிட்டால் வெடிப்பின் அழுத்தத்தில் மூடி தூக்கிக்கொள்ளும், நெருப்பு வெளியே பாயும். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் வெடிக்கும், 1.25-ஐத் தாண்டினாலே கரண்ட்டை நிறுத்தச் சொல்கிறது விதி. விதியில் குறையே இல்லை.

நான் இருந்த இடத்தில் ஷிஃப்ட் இறங்குமுன் மேலே ஆபீஸிலேயே பதிவேட்டில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். கீழே போய்ப் பெட்டியைத் திறக்க சப்ளையை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் மெஷின் நிற்கும், டன் கணக்கு குறையும். அப்புறம் பார்க்கலாம் என்பார்கள். நானும் எத்தனையோ நாள் திறக்காத பெட்டிக்குக் கையெழுத்துப் போட்டவன்தான். டேப் சுற்றி ஒப்பேற்றிய டிரெய்லிங் கேபிளுக்கும் (மெஷின் பின்னால் இழுபடும் கரண்ட் கேபிள்).

அதனால் கேட்கிறேன். 'சரி' என்று எழுத இடமே இல்லாத பதிவேடு கொடுங்கள். இடுக்கை அளக்கும் ஃபீலர் கேஜில் எந்த அளவு தகடு நுழைந்தது, எத்தனை போல்ட் இருந்தது, கரண்ட் கசிந்தால் சப்ளையை வெட்டும் எர்த் லீக்கேஜ் ரிலே, டெஸ்ட் பட்டனை அழுத்தியதும் விழுந்ததா, சப்ளை எத்தனை மணிக்கு நின்றது என்று எழுதட்டும். அந்த மணியை சப்ஸ்டேஷன் லாக் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். நிறுத்தாமலே திறந்ததாக எழுதிய கணக்கெல்லாம் மேஜையிலேயே மாட்டிக்கொள்ளும். முடிந்தால் நைட் ஷிஃப்ட்டில், சொல்லாமல் வாருங்கள்.

அந்த மோட்டாரின் பசையைச் சுரண்டி, 2 போல்ட் வாங்கிப் போட்டு அனுப்பினேன். போல்ட்டுக்குத் தனியாக ஏன் பில் போட்டாய் என்று போன் வந்தது.

இப்படிக்கு,
வியாசர்பாடி வைண்டிங் கடைக்காரன்