டூரா சட்டானா மாலை நிகழ்ச்சிக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

வணக்கம் மக்களே. அமெரிக்க நடிகையும், பர்லெஸ்க் என்ற கவர்ச்சி நடன மேடையின் ஆட்டக்காரியுமான டூரா சட்டானா பற்றிய பேச்சும் படக்காட்சியும் நல்லபடியாக நடந்து முடிந்தது. பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் பெயர் சொல்லாமலே நன்றி சொல்கிறேன். உங்களுக்கே தெரியும் யார் யாரென்று.

முதல் நன்றி சப்டைட்டில் போட்ட தம்பிக்கு. 1965இல் ரஸ் மேயர் எடுத்த 'ஃபாஸ்டர், புஸ்ஸிகேட்! கில்! கில்!' படத்தில் வார்லாவாக வரும் டூரா பேசுவதெல்லாம் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. அதை மரியாதைத் தமிழில் போட்டிருந்தால் படமே படுத்திருக்கும். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஒவ்வொரு வசனத்தையும் வாய்விட்டுப் பேசிப் பார்த்து எழுதினானே, அந்த உழைப்புதான் அன்றைக்குக் கைதட்டலாக வந்தது.

அடுத்து நம்ம கராத்தே மாஸ்டர். பாலைவனத்தில் வார்லா சண்டை போடும் இடத்தில் படத்தை நிறுத்தி, "கால் எங்கே ஊன்றியிருக்கிறது பாருங்கள், இது முறையாகக் கற்றுக்கொண்ட உடம்பு" என்று அவர் காட்டியபோது கூட்டமே நிமிர்ந்து உட்கார்ந்தது. டூரா கராத்தேயும் அய்கிடோவும் பயின்றவர், அந்தச் சண்டைகளை டூப் போடாமல் தானே செய்தவர். கவர்ச்சி என்ற ஒரே வார்த்தையில் அவரை முடித்துவிடுபவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை, எனக்கு அதில் ரொம்ப நாள் வருத்தம்.

ரிட்டயர்டு சரித்திர வாத்தியார் ஐயாவுக்கு என் வணக்கம். 1938இல் ஜப்பானின் ஹொக்கைடோவில் பிறந்த குழந்தை, அமெரிக்காவில் மன்சனார் முகாமில் ஏன் அடைபட்டது, இரண்டாம் உலகப் போரின்போது, 1942 முதல் ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை அந்த அரசாங்கம் எப்படி முள்வேலிக்குள் வைத்தது என்று அவர் விளக்கிய பிறகுதான், சிகாகோவில் வளர்ந்து பதின்ம வயதிலேயே பர்லெஸ்க் மேடை ஏறிய பெண்ணின் முகத்தில் ஏன் அவ்வளவு உறுதி என்று பலருக்குப் புரிந்தது. அப்புறம் லாஸ் வேகாஸ் அக்கா! லீவு நாளில் பர்லெஸ்க் ஹால் ஆஃப் ஃபேம் என்ற அருங்காட்சியகத்துக்குப் போய், பழைய ஆட்டக்காரிகளின் மேடை உடைகளைப் படமெடுத்து அனுப்பினீர்களே, மணி மணியாகக் கோத்த அந்தத் தையலைப் பெரிதாக்கிக் காட்டியபோது முன்வரிசையில் இருந்த டெய்லர் அண்ணன் எழுந்து கிட்டே வந்து பார்த்தார்.

ஒத்துக்கொண்ட அரங்கம் ஒன்று, "ஆட்டக்காரி படமா" என்று கடைசி நேரத்தில் கைவிரித்தது. சரி, அதை விடுங்கள். மொட்டைமாடியைக் கொடுத்த சித்திக்கு என்ன சொல்லி நன்றி சொல்வேன்! கடைசிவரை உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு செஞ்ச பொண்ணு அப்புறம் என்ன ஆனா?" என்று கேட்டது அவர்தான். 1973இல் அவர் நடித்த 'தி டால் ஸ்குவாட்' படம் வந்தது, அதன் பிறகு வெகுகாலம் சினிமாவே இல்லை, 1981இல் கார் விபத்தில் முதுகெலும்பு உடைந்து ஆபரேஷன் மேல் ஆபரேஷன். வந்தபோது ஓடாத அந்த 'ஃபாஸ்டர், புஸ்ஸிகேட்!' படத்தைப் பின்னால் வந்த தலைமுறைகள் தேடித் தேடிப் பார்த்தன, ரசிகர் கூட்டங்களில் டூரா தன் ரசிகர்களை நேரில் சந்தித்துக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார், 2011 பிப்ரவரியில் ரீனோ நகரில் காலமானார். இதைக் கேட்டுச் சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

நாற்காலி தூக்கிய பசங்க, டீ போட்ட அண்ணி, எல்லோருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. சப்டைட்டில் கோப்பு வேண்டும் என்பவர்கள் தம்பியிடம் கேளுங்கள், தருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.