கேரியருக்கும் பார்சல் சார்ஜா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹோட்டல் பில்லில் சேவைக் கட்டணம் சேர்ப்பது பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று, சேவைக் கட்டணத்தைக் கட்டாயமாக வாங்கக் கூடாது என்று தீர்ப்பு சொல்லிவிட்டது, உணவக சங்கங்கள் மேல்முறையீட்டுக்குப் போயிருக்கின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் அது மெனு கார்டைத் தோல் அட்டைக்குள் வைத்துக் கொடுக்கிற ஹோட்டல்களின் கதை. என்னைப் போல தினமும் பார்சல் வாங்கிப் பிழைக்கிறவர்களுக்கு நடக்கிற கதை வேறு. அது பார்சல் சார்ஜ் கதை, கொரோனா நேரத்தில் தொடங்கியது. கொரோனா போய்விட்டது, இது போகவில்லை.

போன வாரம் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் சமைக்கவில்லை. மூணடுக்கு எவர்சில்வர் கேரியரை எடுத்துக்கொண்டு வழக்கமாகப் போகிற ஹோட்டலுக்குப் போனேன். ஆறு இட்லி, இரண்டு பொங்கல். பார்சல் கட்டுகிற தம்பி கேரியரிலேயே அடுக்கி, மேல் தட்டில் சாம்பார் ஊற்றி, சட்னியை நான் கொண்டு போயிருந்த குட்டி டப்பாவில் போட்டுக் கொடுத்தார். இலை இல்லை, பேப்பர் இல்லை, கவர் இல்லை, நூல்கூட இல்லை. கல்லாவில் பில்லை வாங்கிப் பார்த்தால் இட்லி 90, பொங்கல் 140, பார்சல் சார்ஜ் 20, அதன் மேல் ஜிஎஸ்டி 12.50, எல்லாம் சேர்த்து 262.50 ரூபாய். கட்டாத பார்சலுக்கு 20 ரூபாய், அந்த 20 ரூபாய்க்கு ஒரு ரூபாய் வரி வேறு.

"என்ன தம்பி, கேரியருக்கும் பார்சல் சார்ஜா?" என்று கேட்டேன்.

"சிஸ்டத்துல அப்படித்தான் சார் வருது. பார்சல்னு அமுக்குனா அதுவே ஏத்திக்கிடும்."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பின்னால் எட்டுப் பேர் நிற்கிறார்கள், நானும் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். வண்டியை எடுக்கும்போதுதான், இந்த 20 ரூபாய் எப்போது நம் தலையில் ஏறியது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

நான் மதுரையில் மருந்து மொத்த விற்பனைக் கடை ஒன்றில் சரக்கு கொண்டுபோய்ப் போடுகிற வேலை பார்க்கிறேன். 2020 மார்ச் 24 சாயங்காலம் ஊர் அடைத்த பிறகும் எங்களுக்கு லீவு கிடையாது. பைக்கில் பாஸை ஒட்டிக்கொண்டு சுற்றினோம். ஹோட்டல்களில் உட்கார்ந்து சாப்பிட முடியாது, பார்சல் மட்டும். ஆகவே ஊரடங்கில் பார்சல் சாப்பாடு பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு இந்த ஊரில் சில பேருக்குத்தான் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அப்போது நான் சாப்பிட்ட ஒரு மெஸ்ஸில் கல்லாவுக்குப் பக்கத்தில் அட்டை ஒன்று தொங்கியது. பிஸ்கட் பெட்டி அட்டையைக் கிழித்து ஸ்கெட்ச் பேனாவில் எழுதியது: "கொரோனா செலவு, பார்சலுக்கு ரூ.5 கூடுதல்." அவ்வளவுதான். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கேட்கப் போகிறோம்? செலவு எங்கள் கண் முன்னால் இருந்தது. வாசலில் ஆளுக்கு ஒரு சுண்ணாம்பு வட்டம். காலால் மிதித்தால் சானிடைசர் சொட்டுகிற இரும்பு ஸ்டாண்டு. பதினோரு பேர் வேலை பார்த்த இடத்தில் மூன்று பேர், அதில் ஒருவர் முதலாளி, அவரே இலையைத் துடைத்து வாட்டிக் கட்டினார். நூறு ரூபாய் கொடுத்துவிட்டு மீதி வேண்டாம் என்று போனவர்களையும் அங்கே பார்த்திருக்கிறேன். அந்த மாதங்களில் சுடுசோறு கிடைத்ததே பெரிசு. வீட்டுப் பாத்திரம் கொண்டு போனால் வாங்க மாட்டார்கள், தொற்று பயம். அது நியாயம்தான், அதனால் டப்பாவுக்குக் காசு கொடுத்தோம்.

ஜூன் 8 முதல் பாதி இருக்கையோடு, ஏசி போடாமல் உட்கார்ந்து சாப்பிடலாம் என்றார்கள். மதுரையில் அது மூன்று வாரம்கூட ஒழுங்காக ஓடவில்லை, ஜூன் 24இல் மறுபடி முழு ஊரடங்கு, ஜூலை பாதி வரைக்கும். அதற்கப்புறம் திறந்தபோதுதான் இந்த அட்டை சமாச்சாரம் மாறியது. அட்டை காணாமல் போய், அது சொன்ன காசு பில்லுக்குள் குடியேறியது.

அந்த வருஷக் கடைசியில் தங்கை மகள் பிறந்த நாளுக்குக் கொஞ்சம் பெரிய ஹோட்டல் ஒன்றுக்குப் போனோம். நாலு பேர். சாப்பிட்டு முடித்து, கை கழுவி, சோம்பு மென்றுகொண்டிருக்கும்போது பில் வருகிறது. அடியில் ஒரு வரி: சேஃப்டி சார்ஜ், 4 பேருக்கு 25 வீதம் 100 ரூபாய். மெனு கார்டில் கிடையாது, வாசலில் கிடையாது, ஆர்டர் எடுத்த தம்பியும் சொல்லவில்லை. அம்மா கேட்டார், "கை கழுவுறதுக்குமா காசு?" மச்சான் கொஞ்சம் குரல் உசந்த மனிதர், மேனேஜரைக் கூப்பிடு என்றார். மேனேஜர் வந்தார், ஒரு வார்த்தை வாதாடவில்லை, "விருப்பம் இல்லேன்னா எடுத்துடலாம் சார்" என்று சொல்லி வேறு பில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான். 100 ரூபாயைப் பார்த்ததும் வரவில்லை. கேட்டவுடன் எடுக்க முடிகிற காசு என்றால் அது உண்மையான செலவா? அப்படியானால் பக்கத்து மேசையில் பேசாமல் கொடுத்துவிட்டுப் போன குடும்பம் ஏமாளியா? உண்மையிலேயே செலவு என்றால் எங்களுக்கு மட்டும் ஏன் விட்டுக்கொடுத்தார்கள்? சத்தம் போடுகிறவனுக்கு ஒரு விலை, கூச்சப்படுகிறவனுக்கு ஒரு விலை என்று ஆகிவிட்டதே. நான் கூச்சப்படுகிற ரகம். மச்சான் இல்லாமல் போயிருந்தால் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து முணங்கியிருப்பேன்.

வெளிநாட்டிலும் இதே கூத்து நடந்திருக்கிறது. அமெரிக்காவில் 2020 மே மாதம், இறைச்சித் தொழிற்சாலைகள் மூடி விலை ஏறிய நேரத்தில், சில உணவகங்கள் பில்லில் கோவிட் கட்டணம் என்று தனியாக ஒரு தொகையை ஏற்றின. அந்த பில்லைப் படம் எடுத்துப் போட்டு ஜனங்கள் திட்டித் தீர்த்தார்கள். நியூயார்க் நகரத்தில் அதே ஆண்டு, உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களிடம் 10 சதவீதம் வரை கோவிட் கட்டணம் வாங்கலாம் என்று சட்டமே போட்டார்கள். ஆனால் அந்தக் கட்டணத்தை மெனுவிலும் பில்லிலும் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும், நிலைமை சரியான பின் நிறுத்திவிட வேண்டும் என்று அதற்கு வரம்பும் வைத்தார்கள். நம் ஊரில் யாரும் சட்டமும் போடவில்லை, வரம்பும் வைக்கவில்லை. நாமே பழகிக்கொண்டோம்.

ஹோட்டல்காரர்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பாவம். நான் சொன்ன மெஸ் முதலாளியிடமே ஒருநாள் இதைப் பேசினேன். (அந்த மெஸ் இப்போது இல்லை. 2021 மே மாத ஊரடங்கில் மூடியது, அப்படியே நின்றுவிட்டது. அவர் இப்போது கேட்டரிங் மட்டும் எடுக்கிறார்.) "போர்டில் விலையை ஏற்றிவிட்டுப் போகலாமே, எதற்கு இந்தத் தனிக் காசு?" என்று கேட்டதற்கு அவர் சிரித்தார்.

"போர்டுல தோசைக்கு ரெண்டு ரூவா ஏத்திப் பாருங்க, மறுநாளே எதுத்த கடைக்குப் போயிருவாக. பில்லுல பத்து ரூவா போட்டா முணங்கிக்கிட்டே குடுத்துட்டுப் போவாக. ஜனங்க போர்டத்தான் பாக்குறாக சார், பில்லப் பாக்குறதில்ல."

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஏனென்றால் நானே அப்படித்தான். காபி 2 ரூபாய் ஏறியது என்று ஒரு கடையை விட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போனவன் நான். அவர்களுக்கும் செலவு சும்மா ஏறவில்லை. 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர் 2021 நவம்பரில் 2,000 ரூபாயைத் தாண்டியது. எண்ணெய் விலை அந்த இரண்டு வருஷமும் படுத்திய பாடு வீட்டில் சமைக்கிற எல்லாருக்கும் தெரியும். 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கவருக்குத் தடை வேறு. தடை இருக்கிறது, சால்னா கவரும் இருக்கிறது, அது தனிக் கதை. ஒழுங்காகத் தடையை மதிக்கிற கடைக்காரருக்கு ஃபாயில் கவர், மூடி போட்ட டப்பா, துணிப்பை என்று ஒவ்வொன்றும் காசு. ஆகவே டப்பா கொடுத்தால் டப்பாவுக்குக் காசு வாங்கட்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை.

என் சண்டை மூன்று இட்லிக்கு ஒரு டப்பா, அதே டப்பாவுக்குள் வைக்கிற வடைக்கு இன்னொரு பார்சல் சார்ஜ் என்று அயிட்டம் கணக்கில் ஏற்றுவதைப் பற்றித்தான். பாத்திரம் கொண்டு வந்தவனுக்கும் அதையே போடுவதைப் பற்றி. கொரோனா நேரத்தில் பாத்திரம் வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இருந்தது. இப்போது பாத்திரம் கொண்டு வா, மஞ்சப்பை கொண்டு வா என்று அரசாங்கமே சொல்கிறது. கொண்டு போனால் அதே காசு. பிறகு எவன் சுமந்துகொண்டு போவான்?

வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிற ஆப்களை நான் அதிகம் தொடுவதில்லை, அதில் ஒரு வரிதான் சொல்லலாம்: ஒவ்வொரு ஆர்டருக்கும் ஆப் தனக்கென்று வாங்குகிற பிளாட்ஃபார்ம் கட்டணம் 2023இல் 2 ரூபாயில் தொடங்கி இப்போது பத்து ரூபாயைத் தாண்டி நிற்கிறது, என் மகன் அதைக் கவனிப்பதுகூட இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்த வரைக்கும் எழுதுகிறேன், யாருக்காவது உதவும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று போட்ட வழிகாட்டுதலில், சாப்பாட்டு விலையிலேயே பரிமாறுகிற கூலியும் அடக்கம், அதனால் சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் ஏற்றக் கூடாது, வேறு பெயர் வைத்தும் வாங்கக் கூடாது என்று இருக்கிறது. ஏற்றினால் எடுக்கச் சொல்லிக் கேட்கலாம், எடுக்காவிட்டால் 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். டெல்லி தீர்ப்பு இந்த வழிகாட்டுதலைத்தான் சரி என்றது. இன்னொன்று, காம்போசிஷன் திட்டத்தில் (மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் ஜிஎஸ்டியாகக் கட்டுகிற ஏற்பாடு) இருக்கிற சின்ன ஹோட்டல்கள் வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி என்று தனியாக வாங்கவே கூடாது, அதைத் தங்கள் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். பில்லின் தலையிலேயே அது எழுதியிருக்கும், படித்துப் பாருங்கள். ஆனால் பார்சல் சார்ஜை சேவைக் கட்டணம் என்று சொல்ல முடியாது, டப்பாவின் விலை என்பார்கள். டப்பாவே இல்லாதபோது அது எதன் விலை?

அதனால் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த பிஸ்கட் பெட்டி அட்டை மறுபடி வர வேண்டும். எவ்வளவு, எதற்கு என்று கல்லாப் பக்கத்தில் எழுதித் தொங்கவிடட்டும், நான் சாப்பிடுவதற்கு முன்னால் அதைப் படித்துவிட்டு முடிவு செய்துகொள்கிறேன். இல்லையென்றால் இட்லி விலையிலேயே ஏற்றிவிடட்டும். ஏற்றினால் நாமும் மறுநாளே எதிர்க் கடைக்கு ஓடாமல் இருக்க வேண்டும், அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கேரியர் கதையின் மிச்சம் ஒன்று இருக்கிறது. இரண்டு நாள் கழித்து அதே ஹோட்டலுக்குப் போனேன். இந்தத் தடவை கவுண்டருக்குப் போகவில்லை. உள்ளே போய் உட்கார்ந்து ஆறு இட்லி, இரண்டு பொங்கல் என்றேன். சப்ளையர் என்னையும் என் வயிற்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கொண்டுவந்து வைத்தார். மேசை மேல் கேரியரைத் திறந்து ஒவ்வொன்றாக அதில் எடுத்து வைத்தேன். எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். சப்ளையருக்கு ஒரு நிமிஷத்தில் விஷயம் புரிந்துவிட்டது. ஒன்றும் பேசாமல் உள்ளே போய் சாம்பார் வாளியைக் கொண்டுவந்து மேல் தட்டு நிறைய ஊற்றினார், "மூடிய நல்லா அமுக்குங்க சார், வண்டியில ஊத்திரும்" என்றார். பில் 241.50. பார்சல் சார்ஜ் இல்லை.

இப்படிக்கு,
தினமும் பார்சல் வாங்குகிற ஒரு வாசகன்,
மதுரை