கொழும்புச் சபைத் தலைவர்களுக்கு: கடைசி வரிசையையும் கொஞ்சம் பாருங்கள்

அன்புள்ள பாதர்மாருக்கும் போதகர்மாருக்கும் சபைக் கமிட்டி அங்கத்தவர்களுக்கும்,

நேரே விஷயத்துக்கு வருகிறேன். வெளியாருக்கு நீங்கள் செய்வதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வெள்ளம் வந்தால் உலருணவுப் பொதியோடு போய் நிற்கிறீர்கள். 2022இல் காஸும் இல்லாமல் மண்ணெண்ணெயும் இல்லாமல் ஊரே வரிசையில் நின்ற காலத்தில், கொழும்பில் ஆலய வளாகங்களில் பெரிய பெரிய பானை வைத்துச் சமைத்து, வந்தவர் எந்த மதம் என்று கேட்காமல் மதியச் சாப்பாடு கொடுத்தார்கள். அதற்கு யாரும் குறை சொல்ல முடியாது. நான் கேட்பது உள்ளே, நமக்குப் பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருக்கிறவர்களைப் பற்றி.

எங்கள் தமிழ் ஆராதனைக்கு வருகிற ஒரு அக்கா பம்பலப்பிட்டிப் பக்கம் இரண்டு மூன்று ஃபிளாட்டுகளில் வீட்டு வேலை செய்கிறவர். புருஷனுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, வேலைக்குப் போகவும் முடியாமல் கோயிலுக்கு வரவும் முடியாமல் அவர் வீட்டோடு இருந்துவிட்டார். மாதக் கணக்காக அந்த இடம் காலியாக இருந்தும் என்ன ஏது என்று கேட்டு ஒருவரும் படியேறவில்லை. போனது ஒன்றே ஒன்றுதான், சந்தா நிலுவையில் இருக்கிறது, கட்டாவிட்டால் வருடாந்தக் கூட்டத்தில் வாக்களிக்க முடியாது என்கிற கடிதம், அதுவும் ஆங்கிலத்தில். பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளை வாசித்துச் சொன்னதாம். அதே வாரம் அந்த அக்கா குடியிருக்கிற முடுக்குச் சந்தின் மரண உதவிச் சங்கத்துக்காரர்கள், பௌத்தர்களும் இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து நடத்துகிற சங்கம் அது, ஆஸ்பத்திரிக்குப் போய்வர த்ரீவீல் காசு சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். யாராவது செத்தால்தான் அவர்களுக்கு வேலை. இருந்தும் உயிரோடு இருக்கிற ஆளையும் அவர்கள்தான் பார்த்தார்கள்.

"நீங்கள் ஒருவரிலொருவர் அன்புள்ளவர்களாயிருந்தால், அதினால் நீங்கள் என்னுடைய சீஷர்களென்று எல்லாரும் அறிந்துகொள்வார்கள்." யோவான் 13ஆம் அதிகாரம், உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இது சொல்லப்பட்ட இடத்தைப் பாருங்கள். பெருங்கூட்டத்துக்கு முன்னால் இல்லை, சீஷர்களின் காலைக் கழுவி முடித்த அந்த இராப்போஜன அறையில். வெளியே எல்லாரும் அறிந்துகொள்வதற்கு உள்ளே நடக்கிறதைத்தான் அவர் அடையாளமாக வைத்தார். நாம் மைதானத்தில் ஸ்டேஜ் போட்டு, ஸ்பீக்கர் கட்டி, பெனர் அடித்து அறிவிக்கப் பார்க்கிறோம்.

"அப்படியானால் நம் ஆட்களை மட்டும் கவனித்தால் போதுமா, அது கோஷ்டி மனப்பான்மை இல்லையா" என்று ஒரு கமிட்டி ஐயா என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். கலாத்தியர் 6:10இல் பவுல் "யாவருக்கும், விசேஷமாக விசுவாச குடும்பத்தார்களுக்கும்" நன்மை செய்யச் சொல்கிறார். யாவரும் என்பதை அவர் விடவில்லை, விசேஷமாக என்பதையும் விடவில்லை. நாம் இரண்டாவதை விட்டுவிட்டோம், ஏனென்றால் வெளியாருக்குக் கொடுத்தால் ஒரு போட்டோவோடு முடிந்துவிடும், சபைக்குள்ளே கொடுத்தால் அடுத்த ஞாயிறும் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தை ஒருமுறை கமிட்டிக் கூட்டத்தில் வைத்து வாசியுங்களேன். எருசலேம் சபையில் தினசரிப் பந்தியில் கிரேக்க மொழிக்காரர்களின் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு வந்தது. மொழிப் பிரச்சினைதான், கொழும்பில் இருந்துகொண்டு அது நமக்குப் புரியாமல் போகுமா? அப்போஸ்தலர்கள் அதை அமுக்கவில்லை, "சபையில் பிரிவினை பண்ணாதே" என்று முறையிட்டவர்களை அதட்டவும் இல்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா என்று அந்த ஏழு பெயரும் கிரேக்கப் பெயர்கள். அதாவது முறையிட்ட பக்கத்தாரின் கையிலேயே பந்திப் பொறுப்பைக் கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

நம்முடைய நிலைமை? ஒரே கட்டடத்தில் ஆங்கிலம், சிங்களம், தமிழ் என்று மூன்று ஆராதனை, ஒருவர் வெளியே வர அடுத்தவர் உள்ளே போவார், வாசலில் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். கமிட்டிக் கூட்டம் நடப்பதோ ஆங்கிலத்தில். ஏழைகள் நிதி யாருக்குப் போவது என்று முடிவெடுக்கிறவர்களில் முடுக்கிலிருந்து வருகிற ஒருவராவது இருக்கிறாரா? கிறிஸ்மஸ் ஒன்றுகூடலுக்கு டிக்கெட் விலை போடும்போது, நாலு பிள்ளை உள்ள வீடு என்ன செய்யும் என்று யாராவது கேட்டீர்களா?

சபைக்குச் சபை இருக்கிற பகையையும் சொல்லாமல் விட முடியாது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்தது கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும் கட்டுவப்பிட்டி செபஸ்தியார் ஆலயத்திலும் மட்டுமா, மட்டக்களப்பு சீயோன் சபையிலும்தானே. இரண்டு கத்தோலிக்க ஆலயம், ஒரு சுவிசேஷ சபை. அந்த நாட்களில் யாரும் யாருடைய உபதேசத்தையும் பிழை பிடிக்கவில்லை. இப்போது மறுபடி ஒரு பக்கத்தில் "அது மரித்த சபை" என்று பிரசங்கம், இன்னொரு பக்கத்தில் "அல்லேலூயாக் கூட்டம், அடுத்த சபை ஆட்களை இழுக்கிற ஆட்டுத் திருடர்கள்" என்று நக்கல். உபதேச வித்தியாசம் இருக்கட்டும், அது சின்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை. மைக்கில் ஏளனம் செய்வதை மட்டும் நிறுத்துங்கள், கீழே உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்கிறார்கள்.

செய்யத் தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. பல கத்தோலிக்கப் பங்குகளில் வின்சென்ட் டி போல் சபை என்கிற உதவிச் சங்கத்தார் வீடு வீடாகப் போய், இருந்து கதைத்து, கொடுத்ததை வெளியே சொல்லாமல் வருகிறார்கள். 1833இல் பாரிஸில் சில மாணவர்கள் தொடங்கிய வேலை அது. மற்றச் சபைகள் அந்த முறையை எடுத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

சரி, நான் கேட்பது இவ்வளவுதான். வாங்குகிறவரை நிற்க வைத்துப் படம் எடுக்காதீர்கள், முக்கியமாக அவர் நம் சபை ஆளாக இருந்தால். யாராவது தொடர்ந்து வராவிட்டால், சந்தாப் புத்தகத்தைத் திறக்குமுன் ஆள் அனுப்புங்கள். ஏழைகள் நிதிக் கமிட்டியில் தமிழ் ஆராதனையிலிருந்தும் சிங்கள ஆராதனையிலிருந்தும் இரண்டிரண்டு பேரை, அதுவும் நாட்சம்பளக்காரர்களைச் சேருங்கள். அந்த அக்காவுக்குப் போன கடிதத்தை வாபஸ் வாங்குங்கள். அடுத்த கமிட்டிக் கூட்டம் எந்தத் திகதி, எத்தனை மணிக்கு என்று தமிழிலும் ஒரு அறிவித்தல் போட்டால் நாங்களும் வருகிறோம்.

இப்படிக்கு,
தமிழ் ஆராதனைக்கு வருகிற ஒருவன்